கொழும்பு வீட்டுப் பூனைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பாடு: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் நம்மவர் வீடுகளில் பூனைச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு விதமாக நடக்கிறது. மீன் வெட்டிய நாளில் தலையையும் வாலையும் அவித்து, சோற்றோடு பிசைந்து, குசினி வாசலில் வைப்பது ஒன்று. பெட் ஷொப்பில் வாங்கிய உலர் உணவைக் காலையில் கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டு வேலைக்கு ஓடுவது மற்றது. முதல் வீட்டுப் பூனைக்கு வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை. இரண்டாம் வீட்டுப் பூனைக்குச் சத்தில் குறைவில்லை. இரண்டு வருடம் போனால் கதிரையில் ஏறவே அதற்கு மூச்சு வாங்கும்.

அதனால் கேள்விகளை ஒழுங்காக எடுக்க வேண்டும். முதலில் வகை, அப்புறம் அளவு. அளவு விஷயத்தில் பையின் பின்பக்க அட்டவணையையும் நம்ப வேண்டாம், விடிய நாலு மணிக்குக் கேட்கும் கத்தலையும் நம்ப வேண்டாம். பூனையின் விலா எலும்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு கணக்கோடு தொடங்கி, விலா சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவதுதான் முறை.

முதற்படி: நிறுங்கள், தடவிப் பாருங்கள்

பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிப்பது பழைய வழி. ஆனால் ஆள் நிறுக்கும் தராசில் 200, 300 கிராம் வித்தியாசம் பிடிபடாமல் போய்விடும். நாலு கிலோப் பூனைக்கு அது பெரிய வித்தியாசம். கனடாவுக்கும் லண்டனுக்கும் உறவு இருக்கிற வீடுகளில் பயணப்பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று அலுமாரிக்குள் கிடக்கும். பூனைக் கூடையை வெறுமையாக ஒரு தடவை, பூனையோடு ஒரு தடவை அதில் மாட்டினால் கணக்குச் சுத்தமாக வரும். நம்மூர்ச் சாதாரணப் பூனை வளர்ந்த பின் பெரும்பாலும் மூன்றிலிருந்து நாலரைக் கிலோவுக்குள் நிற்கும். பேர்சியன் போன்ற இனப் பூனைகள் இதைத் தாண்டலாம்.

எடை மட்டும் போதாது. நாலு கிலோ ஒரு பூனைக்கு மெலிவு, இன்னொன்றுக்குக் கொழுப்பு. பூனையை நிற்கவைத்து இரண்டு பக்க விலாவிலும் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். அப்புறம் உங்கள் கையையே தொட்டு ஒப்பிடுங்கள். முஷ்டி மடக்கிய மொளியைத் தடவுவது போல விலா முட்டினால் பூனை மெலிவு. கையை விரித்துப் புறங்கையில் விரல் எலும்பைத் தடவுவது போல இலேசாகத் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கைப் பக்கம் போல எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்புக் கொஞ்சம் உள்வாங்க வேண்டும்.

மிருக வைத்தியர்கள் இதையே 1 முதல் 9 வரை புள்ளி போட்டுச் சொல்வார்கள். 5 தான் நல்ல நிலை. அதற்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை. அடிவயிற்றில் பின்னங்காலுக்கு முன்னால் தொங்கி ஆடும் தோல் மடிப்பைப் பார்த்துப் பலர் தொப்பை என்று பயப்படுகிறார்கள். அது மெலிந்த பூனைக்கும் இருக்கும், கணக்கில் எடுக்காதீர்கள்.

வயது, கருத்தடை செய்ததா இல்லையா, வெளியே திரிகிறதா அல்லது தொடர்மாடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்ற மூன்றையும் எடையோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். பின்னால் கணக்குக்கு வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வகை

இந்தப் படியில்தான் அதிகம் பிழை நடக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

நாய் சோறும் தின்னும், மனிதனும் அப்படித்தான். பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. அதன் உடம்பால் தனக்குத் தேவையான சிலவற்றைச் செய்துகொள்ள முடியாது. கரட்டில் உள்ள சத்தை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றும். பூனையின் உடலுக்கு அது முடியாது. டோரின் என்ற சத்தும் அப்படித்தான், சாப்பாட்டிலிருந்தே போதுமான அளவு வர வேண்டும். இது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகி இதயம் வீங்கும். 1987 இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் போல் பியன் என்ற மிருக வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த இதய நோய்க்கும் டோரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அன்று கடையில் விற்ற பூனை உணவைத் தின்ற பூனைகளுக்கே அது வந்திருந்தது. அதன் பிறகே கம்பனிகள் டோரின் அளவைக் கூட்டின. டோரின் கொடுத்தபோது பல பூனைகளின் இதயம் தேறியது. கெட்ட விழித்திரை மட்டும் திரும்பி வராது.

இனிப்புச் சுவையும் பூனைக்குத் தெரியாது. அதை உணரும் மரபணு அதன் இனத்தில் பழுதாகிவிட்டது. ஐஸ்கிரீமை நக்குகிறதே என்றால், அது கொழுப்புக்காக.

இனிச் சோறும் மீனும். சோறு விஷம் இல்லை. அவித்த மாச்சத்தைப் பூனை ஓரளவு சமிக்கும். பிரச்சினை என்னவென்றால், நம் வீட்டுப் பிசையலில் முக்கால்வாசி சோறு. பூனை அதில் வயிற்றை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லை. மீன் மட்டும் கொடுத்தால் சரியாகிவிடுமா என்றால், அதிலும் மூன்று சிக்கல். சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, வைட்டமின் பி1 ஐ அழிக்கும் நொதி உண்டு. பச்சை மீனே நெடுநாள் தின்னும் பூனை தலையைத் தூக்க முடியாமல் தள்ளாடும், வலிப்பும் வரலாம். அவித்தால் அந்த நொதி செத்துப்போகும். இரண்டாவது, சாளை, சூரை போன்ற எண்ணெய் மீன்களே தினச் சாப்பாடானால் வைட்டமின் ஈ போதாமல் உடம்பின் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே நோகும். மூன்றாவது, முள் நீக்கிய மீனிலும் எலும்பு நீக்கிய இறைச்சியிலும் போதிய கல்சியம் கிடையாது. வளரும் குட்டிக்கு இது பெரிய ஆபத்து. எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். 'என் பூனை கோழி நெஞ்சு மட்டும்தான் தின்னும்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்த மூன்றாவதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஈரல் நல்லது, ஆனால் கிழமைக்கு ஒரு தடவை ஒரு சின்னத் துண்டு. தினமும் ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிதமிஞ்சிக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

ஆகவே அடிப்படைச் சாப்பாடு முழுமையான பூனை உணவாக இருக்கட்டும்; மீனும் கோழியும் பக்கத்துணை. என் முடிவு இதுதான், செலவை நினைத்துப் பார்த்தாலும் இதுதான். விலை குறைந்த, ஆனால் முழுமையான உலர் உணவு, பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வந்த அருமையான மீனும் சோறும் சேர்ந்த பிசையலைவிடப் பூனைக்கு நல்லது.

பையை எப்படி வாசிப்பது? முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கம் 'கம்ப்ளீட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 'கொம்ப்ளிமென்டரி' என்றோ 'சப்ளிமென்டரி' என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், தனிச் சாப்பாடாகாது. சூரைத் துண்டு மிதக்கும் அழகான சின்ன டின்களில் பல இந்த ரகம். பிராணி உணவுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் (FEDIAF) அளவுகோலுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஆஃப்கோவின் அளவுகோலில், நீரை நீக்கிப் பார்க்கும்போது வளர்ந்த பூனைக்குப் புரதம் குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கு 30 சதவீதம். அப்புறம் யாருக்கான உணவு என்று பாருங்கள்: ஒரு வயதுக்குக் கீழே என்றால் குட்டி உணவு, மேலே என்றால் வளர்ந்த பூனை உணவு. நாய் உணவு வேண்டவே வேண்டாம். டோரினும் புரதமும் பூனைக்குப் போதாது.

ஈர உணவுப் பவுச்சில் புரதம் 9 சதவீதம், உலர் உணவில் 30 சதவீதம் என்று பார்த்துவிட்டுப் பவுச் வெறும் தண்ணீர் என்று நினைப்பவர்கள் உண்டு. நீரைக் கழித்துப் பாருங்கள். பவுச்சில் 82 சதவீதம் நீர் என்றால் மிச்சம் 18, அதில் 9 புரதம், அதாவது பாதி. உலர் உணவில் 10 சதவீதம் நீர். மிச்சம் 90 இல் 30, மூன்றில் ஒரு பங்கு. சரக்கில் பவுச் தாழ்ந்ததல்ல, விலையில்தான் உயர்ந்தது.

உலரா, ஈரமா? வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைந்த பிராணி. உலர் உணவு மட்டும் தின்னும் பூனை அதற்கேற்பத் தண்ணீர் குடிப்பது அரிது. கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை ஒடுக்கமானது, அடைத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. எனவே முடிந்தவர்கள் இரண்டையும் கலந்து கொடுங்கள். கையில் கடுவன் இருந்தால் ஈர உணவின் பங்கைக் கூட்டுங்கள். முடியாதவர்கள் உலர் உணவில் வெந்நீர் தெளித்து ஊறவிட்டுக் கொடுக்கலாம். உலர் உணவு பல்லைச் சுத்தமாக்கும் என்று கடைக்காரர் சொல்வதை அவ்வளவு நம்ப வேண்டாம்.

விஸ்காஸ், மீ-ஓ போன்றவை இப்போது சுப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கின்றன. பெரும்பாலானவை இறக்குமதி. 2022 இல் ரூபாய் சரிந்தபோது விலை எப்படி ஏறியது என்பது பூனை வளர்த்தவர்களுக்கு மறக்காது. இதனால் சாக்கைத் திறந்துவைத்துக் கிலோக் கணக்கில் அள்ளிக் கொடுக்கும் லூஸ் உணவின் பக்கம் பலர் போகிறார்கள். அதில் காலாவதித் தேதி தெரியாது, என்ன பிராண்ட் என்பதற்குக் கடைக்காரர் சொல்தான் சாட்சி. கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த சாக்கின் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். காசு மிச்சம்பிடிக்க வேண்டுமானால் மூடிய பெரிய பையை இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரிப்பது மேல்.

சைவ வீடுகளுக்குத் தனியாக ஒன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீடுகள் ஏராளம். சட்டி பானையில் மீன் படக்கூடாத நாளில் பூனைக்குத் தயிரும் சோறும் போய்ச்சேரும். ஒரு நாள் தயிர்ச்சோற்றால் பூனை சாகாது. ஆனால் கந்தசஷ்டி போல நாட்கணக்கில் இழுக்கும்போது அது பட்டினிதான். உலர் உணவுதான் இந்த வீடுகளுக்குக் கைகொடுக்கும்: அவிக்க வேண்டாம், பாத்திரம் படாது, கிண்ணத்தையும் கரண்டியையும் பல்கனியில் தனியாக வைத்துக்கொள்ளலாம். பூனையையே சைவமாக்கும் யோசனை மட்டும் வேண்டாம். விரதம் நம்முடையது. போயா நாளில் இறைச்சிக் கடை மூடியிருக்கும். கோழி அவித்துக் கொடுப்பவர்கள் முதல் நாளே வாங்கிவைக்க வேண்டும்.

கடை உணவுக்கு முழுதாக வழியில்லாத வீட்டில் என்ன செய்யலாம்? பாதிக் கலோரியாவது முழுமையான உலர் உணவிலிருந்து வரட்டும். மறுபாதிக்கு உப்பும் மிளகாயும் போடாமல் அவித்த கோழியும் மீனும் மாறி மாறி. கோழி நெஞ்சைவிடத் தொடை நல்லது. எல்லாவற்றையும்விடக் கோழியின் இதயம் நல்லது, மலிவு, டோரின் நிறைந்தது. டோரின் அவித்த நீரில் கரைந்து போகும், அதனால் அந்த நீரையும் சேர்த்து ஊற்றுங்கள். நெத்தலியையோ சாளையையோ பிரஷர் குக்கரில் முள் மாவாகும்வரை வேகவைத்தால் கொஞ்சம் கல்சியமும் கிடைக்கும். சோறு பிசைந்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். குட்டிக்கும் கர்ப்பிணிப் பூனைக்கும் இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாடு பொருந்தாது.

மூன்றாம் படி: எவ்வளவு

எடையை 30 ஆல் பெருக்கி 70 ஐக் கூட்டுங்கள். படுத்துக் கிடக்கும் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி அது. மூன்று கிலோவுக்கு 160, நாலு கிலோவுக்கு 190, ஐந்து கிலோவுக்கு 220. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டிகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

இதற்கு மேல் பூனையின் வாழ்க்கையைப் பார்த்துப் பெருக்க வேண்டும். கருத்தடை செய்யாத, ஓடித்திரியும் பூனைக்கு 1.4. கருத்தடை செய்ததற்கு 1.2. கருத்தடை செய்து, நாலாம் மாடி வீட்டுக்குள் யன்னல் ஓரத்தில் நாள் முழுக்கப் படுத்திருப்பதற்கு வெறும் 1 தான், நான் பார்த்த வரையில். ஆக ஒரே நாலு கிலோப் பூனைக்கு ஒரு வீட்டில் 190 கலோரி, இன்னொரு வீட்டில் 266. பையின் அட்டவணை இதையெல்லாம் கேட்பதில்லை. கருத்தடை செய்த பின் தேவை நாலில் ஒரு பங்குவரை குறையும், பசி கூடும். அளவைக் குறைக்க வேண்டிய நேரத்தில்தான் பலர், சத்திரசிகிச்சை செய்த பிள்ளை என்று, கூட்டிக் கொடுக்கிறார்கள்.

இனிக் கலோரியைக் கிராமாக்க வேண்டும். பையில் கிலோவுக்கு இத்தனை கலோரி என்று இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நீங்களே கணிக்கலாம். புரதம் 32, கொழுப்பு 10, நீர் 10, நார் 4 சதவீதம் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். சாம்பல், அதாவது தாதுப்பொருட்கள், போடாவிட்டால் 8 என்று எடுங்கள். எல்லாவற்றையும் 100 இலிருந்து கழித்தால் மிச்சம் 36, அது மாச்சத்து. புரதத்தையும் மாச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 112, 126, 85. மொத்தம் 323. நூறு கிராமில் இத்தனை கலோரி.

அப்படியானால் 200 கலோரி தேவைப்படும் பூனைக்கு உலர் உணவு மட்டும் என்றால் 62 கிராம், நாள் முழுவதற்கும். அளந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு கொஞ்சம். இரவில் 70 கலோரியுள்ள ஒரு 85 கிராம் பவுச் கொடுத்தால், மிச்சம் 130 கலோரிக்கு உலர் உணவு 40 கிராம் போதும். கப்பால் அளக்காமல் குசினித் தராசால் நிறுங்கள். ஒரே கப்பை ஆளுக்கு ஆள் வேறு விதமாக நிரப்புவோம், அம்மாமார் எப்போதும் கூம்பாக.

மேலே சொன்ன பாதிக்குப் பாதி ஏற்பாடு இல்லாத வீட்டில், பக்கத்துணையும் கொறிக்கிற சாமானும் நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 200 இல் 20. அவித்த கோழி நெஞ்சு என்றால் 12 கிராம், பெருவிரல் நுனியளவு. ஒரு அவித்த முட்டை 70 கலோரிக்கு மேல். பூனையின் ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். தேத்தண்ணி நேரத்தில் ஆளாளுக்கு நீட்டும் கிறீம் கிறாக்கரையும் இதில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

கொழுத்த பூனைக்கு இப்போதுள்ள எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆறு கிலோப் பூனை நாலரைக்கு வர வேண்டுமென்றால் நாலரைக்குக் கணக்கிட்டு (205), அதை 0.8 ஆல் பெருக்குங்கள்: 164 கலோரி. கிழமைக்கு எடையில் ஒரு சதவீதம் அளவில் இறங்கினால் நல்ல வேகம். இதை மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள், ஏனென்றால் கொழுத்த பூனையைப் பட்டினி போடுவது ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் விட்டால் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து, ஈரல் வேலையை நிறுத்திவிடும்.

நாலாம் படி: நாளுக்குள் பிரித்துக் கொடுப்பது

வளர்ந்த பூனைக்கு இரண்டு வேளை போதும், மூன்று வேளை இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்குக் கீழே மூன்று நாலு வேளை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பமுன் ஒரு பங்கு, வந்ததும் ஒரு பங்கு, படுக்கமுன் கடைசிப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசிப் பங்கு இருந்தால் விடியப்புறக் கச்சேரி குறையும். நாளின் மொத்த அளவைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்பா ஒரு தடவை, அக்கா ஒரு தடவை என்று 'அது இன்னும் சாப்பிடவில்லை' கதையை நம்பிப் போடும் வீடுகளுக்கு இதைவிடச் சிறந்த மருந்தில்லை.

கொழும்பில் பகல் வெப்பம் வருடம் முழுக்க 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஈர உணவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம். உடைத்த பவுச்சை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். கொடுக்கமுன் வெந்நீருக்குள் கொஞ்சம் வைத்தெடுத்தால் மணம் எழும்பி, முகம் திருப்பாமல் தின்னும். உலர் உணவைப் பையோடு அப்படியே இறுக்கமான டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள், ஒரு மாதத்தில் முடியக்கூடிய அளவாக வாங்குங்கள். எறும்புக்குப் பவுடர் தூவ வேண்டாம். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிண்ணத்தை வையுங்கள்.

இரண்டு மூன்று பூனை உள்ள வீட்டில் கிண்ணங்களை ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் வைக்க வேண்டும். ஒன்று கொழுத்து ஒன்று மெலிந்தால், யார் யாருடையதைத் தின்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு வேளை பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

தண்ணீர்: கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர், சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து. அகலக் கிண்ணங்களில், சாப்பாட்டுக்குத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைத்துத் தினமும் மாற்றுங்கள். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் லக்டோஸ் சமிக்காது, வயிற்றோட்டம் போகும். கரைத்த பால்மாவும் அதே பால்தான்.

ஐந்தாம் படி: புது உணவுக்கு மாற்றுவது

ஒரே நாளில் மாற்றினால் ஒன்றில் வயிற்றைக் கலக்கும், அல்லது பூனையார் கிண்ணத்தைப் பார்த்து மண் மூடுவது போலக் காலால் தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு கிழமை எடுங்கள்: முதல் இரண்டு நாள் புதியது கால்வாசி, அடுத்து பாதி, அடுத்து முக்கால், அப்புறம் முழுவதும். மீன்சோற்றிலேயே வளர்ந்த பூனைக்கு இரண்டு மூன்று கிழமைகூட ஆகலாம். உலர் உணவை இடித்துத் தூளாக்கி அவித்த மீனில் பிரட்டிக் கொடுத்துத் தொடங்குங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன ஈரல் ஆபத்து இங்கேயும் உண்டு.

ஆறாம் படி: இரண்டு கிழமைக்குப் பின் திருத்துவது

மறுபடி நிறுங்கள், மறுபடி விலாவைத் தடவுங்கள். ஏறியிருந்தால் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், இறங்கியிருந்தால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அப்புறம் இன்னும் இரண்டு கிழமை. எடை ஓரிடத்தில் நின்று, விலாவும் சரியாக இருந்தால் அதுதான் உங்கள் பூனையின் அளவு. அதன் பின் மாதம் ஒரு தடவை நிறுத்தால் போதும்.

அளந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகிறதென்றால், அநேகமாக அது வேறெங்கோவும் சாப்பிடுகிறது. மாடிப்படியில் திரியும் பூனை கீழ்வீட்டில் ஒரு பெயர், மேல்வீட்டில் ஒரு பெயர், காவலாளியிடம் ஒரு பெயர் வைத்துக்கொண்டு மூன்று இடத்திலும் மத்தியானச் சாப்பாடு முடிக்கும். கழுத்துப் பட்டியில் 'எனக்குச் சாப்பாடு தர வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதிக் கட்டிவிடுங்கள். இழுபட்டால் தானே கழன்றுவிடும் பட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

குசினியில் கவனிக்க வேண்டியவை

வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பச்சையாக இருந்தாலும் வதக்கியிருந்தாலும் தூளாக இருந்தாலும். நம் குழம்பு, சொதி, சம்பல் எதிலும் இவை இல்லாமல் இருப்பதில்லை. கறிக்குள் இருந்த மீன் துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் சாறு ஊறித்தான் இருக்கும். பூனைக்கு வேண்டியதை மசாலா போடமுன்னரே எடுத்துவையுங்கள். கருவாட்டிலும் டின் மீனிலும் உப்பு அதிகம். அவித்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தேங்காய்ப்பால் கொழுப்பு, வயிறு இளகும். சொக்கலேட், முந்திரிகைப் பழம் (திராட்சை), உலர்ந்த திராட்சை மூன்றும் கூடாது.

சாப்பாடு இல்லையென்றாலும் பனடோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சல் என்று நினைத்து ஒரு குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பரசிட்டமோலை முறிக்கும் வழி பூனையின் ஈரலில் இல்லை. ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

குட்டி, தாய், கிழம்

நாலு கிழமைக்கு முன் குட்டிக்குத் தாய்ப்பால் அல்லது கடையில் விற்கும் பூனைக்குட்டிப் பால்மா மட்டும். நாலாம் கிழமையிலிருந்து குட்டி உணவை வெந்நீரில் கூழாக்கித் தட்டில் வைத்தால், எட்டாம் கிழமைக்குள் பால் மறக்கும். நாலு மாதம்வரை குட்டிக்கு அளவுக் கட்டுப்பாடு தேவையில்லை. பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள், இல்லாவிட்டால் தின்பதெல்லாம் பூச்சிக்கே போகும். கர்ப்பமான பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் குட்டி உணவையே தாராளமாக வையுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் அதன் தேவை இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

பத்துப் பதினொரு வயதைத் தாண்டிய பூனை மெலிவதை முதுமை என்று விட்டுவிட வேண்டாம். நன்றாகத் தின்றும் எடை இறங்கினால் தைரொயிட் அல்லது நீரிழிவு இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடித்துச் சிறுநீர் அதிகம் போனால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். அந்த வயதில் புரதத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள், இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பின் வைத்தியர் சொல்லட்டும்.

வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்கக் கிண்ணத்தைத் தொடாவிட்டால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். குட்டி என்றால் அரை நாள்கூடப் பொறுக்க வேண்டாம். கடுவன் பூனை அடிக்கடி குந்தியும் சிறுநீர் வராமல் முனகினால், நேரம் நள்ளிரவானாலும் ஆட்டோ பிடியுங்கள்.